டிம் டங்கன் 'போர்' அடிக்கிற ஆட்டக்காரரா? (பழைய பஞ்சாயத்துதான், மறுபடி கூட்டுகிறேன்)

பழைய_பெஞ்சு

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. கைப்பேசியில் இருபது நொடித் துண்டு துண்டாகக் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். என்பிஏவில் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) எல்லாக் காலத்துக்கும் சேர்த்துச் சிறந்த பத்துப் பேரைச் சொல்லுடா என்றேன். ஒன்பது பேரைக் கடகடவென்று சொல்லிவிட்டுப் பத்தாவதுக்கு மோட்டைப் பார்த்தான். "டங்கன்" என்று எடுத்துக் கொடுத்தேன். "டங்க்கா மாமா? யார் போட்டது?" என்கிறான். (டங்க் என்றால் எகிறிக் கூடைக்குள் பந்தைத் திணிப்பது.)

அவனைக் குறை சொல்ல முடியாது. டங்கன் ஆட்டத்தை இருபது நொடிக்கு வெட்டினால் என்ன மிஞ்சும்? இடது பக்கம் பந்தை வாங்குவார், கூடையைப் பார்த்துத் திரும்பி நிற்பார், காலை லேசாக முன்வைத்து எடுப்பார், கூடைக்குப் பின்னால் இருக்கிற போர்டில் அடித்து உள்ளே போடுவார், திரும்பி ஓடுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. மின்சார பில் கட்டிவிட்டு வருகிறவர் மாதிரி இருப்பார். ஆனால் இதையே 1997லிருந்து 2016 வரை 19 சீசன், ஒரே அணியில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் செய்தார். 26,496 புள்ளி, 15,091 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 3,020 பிளாக் (எதிராளி ஷாட்டைத் தட்டிவிடுவது), ஐந்து பட்டம். அந்த 19 சீசனில் ஒரு முறைகூட ஸ்பர்ஸ் பிளேஆஃபுக்கு (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்று) போகாமல் இருந்ததில்லை.

என் கட்சி இதுதான். இந்த மனிதரின் கதையை அவர் போட்ட புள்ளிகளை வைத்துச் சொன்னால் பாதிதான் வரும். எதை எதை யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்று பார்த்தால்தான் மீதி புரியும். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

லேக்கர்ஸ்_வெறியன்

எதிர்க்கட்சி இல்லாமல் சபை நடக்காது, நானே வருகிறேன்.

டங்கன் பெரிய ஆட்டக்காரர், அதில் சண்டை இல்லை. ஆனால் அவரைவிட அதிர்ஷ்டக்காரர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். 1996-97ல் ஸ்பர்ஸ் 20 வெற்றி, 62 தோல்வி. ஏன்? அணியின் நட்சத்திரம் டேவிட் ராபின்சனுக்கு முதலில் முதுகு, அப்புறம் பாதத்தில் எலும்பு முறிவு, அந்த வருடம் ஆடியதே 6 ஆட்டம். அதாவது நல்ல அணி, ஒரே ஒரு வருடம் படுத்துக்கொண்டது, அந்த ஒரு வருடத்திலேயே டிராஃப்ட் லாட்டரியில் முதல் இடம் விழுந்தது. பாஸ்டன்காரர்கள் கையில் இரண்டு வாய்ப்பு வைத்துக்கொண்டு டங்கனுக்காகக் காத்திருந்தார்கள், கிடைத்தது 3வதும் 6வதும். பாவம், இன்று வரை புலம்புகிறார்கள்.

ஆக, வந்து இறங்கியவுடன் பக்கத்தில் ராபின்சன், பெஞ்சில் பயிற்சியாளர் கிரெக் பாபவிச். கொஞ்ச வருடத்தில் டோனி பார்க்கரும் மானு ஜினோபிலியும். எந்த ஆட்டக்காரருக்கு இப்படி அமைந்தது? கெவின் கார்னெட்டை அங்கே போட்டிருந்தால்? மினசோட்டாவில் அந்த மனிதர் எத்தனை வருடம் தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார்.

குளத்துமீன்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் இதற்குப் புதுசு. லாட்டரி என்றால் நிஜமாகவே சீட்டுக் குலுக்கலா?

தேனீ

@குளத்துமீன் நிஜக் குலுக்கல்தான் தம்பி, பிங்பாங் பந்துகளை வைத்து. பிளேஆஃபுக்குப் போகாத அணிகள் கலந்துகொள்ளும். எவ்வளவு மோசமாக ஆடினார்களோ அவ்வளவு வாய்ப்பு அதிகம். முதல் இடம் வந்தால் அந்த வருடம் புதிதாக வருகிற ஆட்டக்காரர்களில் யார் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

@லேக்கர்ஸ்_வெறியன் அதிர்ஷ்டம் என்றீர்கள். அந்த அதிர்ஷ்டம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். டங்கன் பிறந்தது அமெரிக்க வர்ஜின் தீவுகளில் செயின்ட் கிராய் என்ற சின்னத் தீவு. சின்ன வயதில் அவர் கூடைப்பந்துக்காரரே இல்லை, நீச்சல்காரர். அக்கா டிரிசியா 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். தம்பிக்கும் அதே கனவு. 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அந்த வயதுக்கு நல்ல வேகம் என்று பெயர் வாங்கியிருந்தார். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் அடித்தது. தீவில் ஒலிம்பிக் அளவில் இருந்த ஒரே குளம் அதில் போய்விட்டது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றார்கள், பையனுக்குச் சுறா பயம். அடுத்த ஏப்ரலில் அம்மா அயோனி மார்பகப் புற்றுநோயில் இறந்தார். மறுநாள் பையனுக்குப் பதினான்காவது பிறந்த நாள்.

அதற்குப் பிறகு நீச்சல் பக்கம் போகவில்லை. அக்கா கணவர் ஒருவர் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். அவர்தான் பந்தைக் கையில் கொடுத்தது. அதாவது மற்றவர்கள் ஆறேழு வயதில் பிடிக்கிற பந்தை இவர் பதினான்கு வயதில் பிடித்தார்.

இப்போது அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் கல்லூரிப் படிப்பை முடிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வாக்குக் கொடுத்துவிட்டார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கிய பிறகுதான் என்பிஏவுக்கு வந்தார். 1995லேயோ 1996லேயோ வந்திருந்தால் முதல் சில இடங்களுக்குள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். கோடிக்கணக்கில் பணம். 1996ல் முதல் இடம் பிலடெல்பியாவுக்கு, இரண்டாவது டொராண்டோவுக்கு. வந்திருந்தால் ஸ்பர்ஸ் என்ற பேச்சே இல்லை. நீங்கள் சொல்கிற அந்த அதிர்ஷ்டம் ஒரு பிள்ளை அம்மாவுக்குக் கொடுத்த வாக்கில் வந்து மாட்டிய அதிர்ஷ்டம், ஐயா.

லேக்கர்ஸ்_வெறியன்

தேனீ அக்கா, இப்படி அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினால் நான் எங்கே வாதாடுவது.

சிமென்ட்_தரை

பெஞ்சு அண்ணன் "போர்டில் அடித்து உள்ளே போடுவார்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். அந்த ஒரு வரிக்கு நான் மூன்று வருடம் செலவழித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

எங்கள் கல்லூரியில் சிமென்ட் தரை, இரும்புத் தகடு போட்ட போர்டு. கண்ணாடிப் போர்டை நான் தொலைக்காட்சியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். போர்டில் வரைந்திருக்கிற சின்னச் சதுரம் மழையில் அழிந்துபோயிருக்கும், நாங்களே வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிப்போம். டங்கன் ஷாட்டுக்கு அந்தச் சதுரம்தான் உயிர். நேராக நின்று போர்டில் அடித்தால் முரட்டுத்தனமாகத் திரும்பி வரும். அடிக்கோட்டுப் பக்கம் போய்விட்டால் கோணமே கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 45 டிகிரியில், கூடையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். குறி வளையத்துக்கு இல்லை, சதுரத்தின் மேல் மூலைக்கு. நம் பக்கத்து மூலைக்கு. பந்து பின்சுழலோடு போய் அங்கே பட்டால் வேகம் செத்து, வலைக்குள் சரிந்து விழும்.

கேட்க எளிது. பிரச்சினை என்ன என்றால், ஆட்டத்தில் நம் மேல் ஒருவன் ஏறிக்கொண்டு நிற்பான், நம் கண் தானாக வளையத்துக்குப் போகும். டங்கன் அந்தக் காலை முன்வைத்து எடுப்பது இதற்குத்தான். எதிராளி ஓட்டத்துக்குப் பயந்து அரை அடி பின்வாங்குவான், அந்த அரை அடி போதும், பந்து தலைக்கு மேலே போய்விடும். பின்வாங்கவில்லை என்றால் நிஜமாகவே தாண்டிப் போய்விடுவார். ஆறடி பதினோரு அங்குல ஆள் இரண்டையும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறார், எதைத் தடுப்பான்?

இன்னொன்று. டங்கனுக்குக் குதிப்பு ரொம்ப வேண்டியதில்லை இந்த ஷாட்டுக்கு. அதனால்தான் 38 வயதிலும் அதே ஷாட். முழங்காலை நம்பி ஆடியவர்கள் எல்லாம் 33ல் படுத்துவிட்டார்கள். லேக்கர்ஸில் அவரை எதிர்த்து ஆடிய ஷாக்கில் ஓனீல்தான் அவருக்கு 'பிக் ஃபண்டமென்டல்' என்று பெயர் வைத்தது. தன் மேலேயே வந்து விழுந்த ஷாட்டுகளை எண்ணிப் பார்த்து வைத்திருப்பார்.

நான் மூன்று வருடம் முயன்று பத்துக்கு நாலு போட்டேன், அதுவும் யாரும் தடுக்காதபோது.

லேக்கர்ஸ்_வெறியன்

ஷாக் பெயரை எடுத்தீர்கள், நன்றி. இப்போது கணக்கைப் பார்ப்போம்.

1999 பிளேஆஃபில் (நாலு ஆட்டம் முதலில் ஜெயிக்கிற அணிக்குத் தொடர்) ஸ்பர்ஸ் எங்கள் லேக்கர்ஸை 4-0 என்று சுத்தமாகத் துடைத்தது. ஒப்புக்கொள்கிறேன். (அது லாக்அவுட் வருடம், முதலாளிகள்-ஆட்டக்காரர்கள் தகராறில் சீசன் தாமதமாகத் தொடங்கி 50 ஆட்டம்தான், பின்னாளில் எங்கள் பயிற்சியாளரான ஃபில் ஜாக்சன் அந்தப் பட்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும் என்று கிண்டல் செய்தார், நான் அதைச் சொல்லவே இல்லை.) 2001ல் நாங்கள் 4-0. 2002ல் 4-1. 2003ல் நீங்கள். 2004ல் நாங்கள். 2008ல் மறுபடி நாங்கள். ஐந்து பட்டம் என்கிறீர்கள், ஒரு முறையாவது தொடர்ந்து இரண்டு வருடம் ஜெயித்தாரா? 1999, 2003, 2005, 2007, 2014. ஒன்றை ஒன்று தொடாது. எங்கள் ஆட்கள் 2000, 2001, 2002 என்று மூன்று வரிசையாக அடித்தார்கள்.

2004 ஐந்தாவது ஆட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஷாக் மேலேயே பின்பக்கம் சாய்ந்து ஒரு ஷாட் போட்டு 73-72 ஆக்கினார் டங்கன். மிச்சம் 0.4 நொடி. ஊரே கொண்டாடியது. எங்கள் டெரெக் ஃபிஷர் வாங்கினார், திரும்பினார், போட்டார், அப்படியே ஓடிப்போய் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்துவிட்டார். 74-73. அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஃப்ரீ த்ரோவையும் (எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கிற, யாரும் தடுக்காத ஷாட்) சொல்லாமல் விட மாட்டேன். வாழ்நாள் கணக்கு 70 சதவீதத்துக்கும் கீழே. 2005 ஃபைனல்ஸ் (பட்டத்துக்கான இறுதித் தொடர்) ஐந்தாவது ஆட்டத்தின் நான்காவது கால் பகுதியில் ஏழு போட்டு ஒன்றுதான் விழுந்தது. சக ஆட்டக்காரர் ராபர்ட் ஹோரி காப்பாற்றவில்லை என்றால் அந்தப் பட்டம் டெட்ராய்ட்டுக்குத்தான். அடிப்படை என்றால் ஃப்ரீ த்ரோவும் அடிப்படைதானே?

பழைய_பெஞ்சு

@லேக்கர்ஸ்_வெறியன் 0.4 வரும் என்று தெரியும், இரண்டாவது பதிவிலேயே எதிர்பார்த்தேன், பொறுமைசாலிதான் நீங்கள்.

ஃப்ரீ த்ரோ விஷயம் சரி. அதைச் சமாளிக்க நான் முயலவே இல்லை. 2005ன் ஏழாவது ஆட்டத்தில் 25 புள்ளி, 11 ரீபவுண்ட் எடுத்து ஃபைனல்ஸ் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கினார் என்பதை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறேன்.

ஆனால் "பக்கத்தில் யார் இருந்தார்கள் பாருங்கள்" என்ற வாதத்தை 2003ல் சோதித்துப் பார்ப்போம். ராபின்சனுக்கு 37 வயது, ஓய்வு அறிவித்துவிட்டார், முதுகு வலியோடு நடமாடுகிறார். பார்க்கர் 21 வயதுப் பையன். ஜினோபிலிக்கு என்பிஏவில் அது முதல் வருடம். இந்த இரண்டு பையன்களின் பெயரும் இன்று பெரிய பெயர், அன்று இல்லை. அந்த பிளேஆஃப் முழுக்க டங்கனின் சராசரி 24.7 புள்ளி, 15.4 ரீபவுண்ட், 5.3 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடையில் போட வழிசெய்த பாஸ்), 3.3 பிளாக். வழியில் மூன்று வருடச் சாம்பியன் லேக்கர்ஸை 4-2 என்று வீட்டுக்கு அனுப்பினார். இதையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா.

ஃபைனல்ஸ் நியூ ஜெர்சி நெட்ஸோடு. ஆறாவது ஆட்டம், ஜூன் 15. நான்காவது கால் பகுதியில் ஒரு கட்டத்தில் ஸ்பர்ஸ் பின்தங்கி இருந்தது. அங்கிருந்து வரிசையாக 19 புள்ளி, எதிரணிக்குப் பூஜ்யம். டங்கனின் கணக்கு அன்று 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 8 பிளாக். இன்னும் இரண்டு பிளாக் வந்திருந்தால் நான்கிலும் இரட்டை இலக்கம். ஃபைனல்ஸில் அதை யாரும் செய்ததில்லை. கவனியுங்கள், அந்தப் பத்து அசிஸ்ட்டில் பலவும் இரண்டு பேர் மூன்று பேர் தன்னைச் சூழ்ந்துகொண்டபோது வெளியே தள்ளிவிட்ட பந்துகள். கடைசி ஆட்டம் ஆடிய ராபின்சன் 13 புள்ளி, 17 ரீபவுண்டோடு விடைபெற்றார்.

ராபின்சனைப் பற்றி ஒரு வார்த்தை. எம்விபி வாங்கியவர், அந்த ஊரின் முகம். புதுசாக ஒருவன் வந்ததும் "பந்து அவனுக்குப் போகட்டும்" என்று ஒதுங்கி நின்றார். 2000ல் டங்கன் ஏறக்குறைய ஆர்லாண்டோவுக்குப் போகிற நிலைமையில், ஹவாயில் விடுமுறையில் இருந்தவர் அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து பேசினார். பெரியவன் எப்படி ஒதுங்க வேண்டும் என்று டங்கன் அங்கேதான் கற்றார் என்பது என் எண்ணம். பின்னால் அதையே பார்க்கருக்குச் செய்தார், 2007ல் ஃபைனல்ஸ் எம்விபி பார்க்கருக்கு. அப்புறம் கவாய் லெனார்டுக்கு, 2014ல். மூன்று முறை தான் வாங்கிய விருது அது. அடுத்தவன் கைக்குப் போனபோது முகம் சுளித்ததாக ஒரு படம் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை

அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். விட்டுக்கொடுத்தல் என்கிற பேச்சு சம்பளத்துக்கு எப்படியும் வரும், அதற்கு முன்னால் என் எதிர்ப்பைப் பதிவு செய்துவிடுகிறேன்.

2012ல் டங்கனின் சம்பளம் 2 கோடி டாலருக்கு மேலிருந்து 1 கோடிக்கும் கீழே இறங்கியது. அணிக்காகத் தியாகம் என்று எல்லோரும் எழுதினார்கள். யாருக்குத் தியாகம்? என்பிஏவில் ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பைக் கேட்டு வாங்கியது யார்? முதலாளிகள். வரம்பு இருப்பதால் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் தன் காசைக் குறைத்துக்கொண்டால்தான் சக ஆட்டக்காரருக்கு இடம் கிடைக்கும் என்ற நிலைமை. குறைத்துக்கொண்டவரைப் போற்றுகிறோம், குறைக்காதவரைப் பேராசைக்காரர் என்கிறோம். முதலாளி சிரித்துக்கொண்டே டிக்கெட் விற்கிறார். இது எந்தத் தொழிலில் நடந்தாலும் நாம் கொதிப்போம், விளையாட்டில் நடந்தால் கைதட்டுகிறோம்.

டங்கனைக் குறை சொல்லவில்லை. அவர் மொத்தமாக 24 கோடி டாலர் அளவுக்குச் சம்பாதித்தவர், அவரால் முடிந்தது. எல்லாரையும் அந்த அளவுகோலில் நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

பழைய_பெஞ்சு

@கணக்குப்பிள்ளை இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை சார். யோசிக்க வைத்துவிட்டீர்கள். ஒன்று மட்டும். அந்தக் காசு மிச்சமானதால் பார்க்கர், ஜினோபிலியோடு இன்னும் சில நல்ல கைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடிந்தது, 2014 வந்தது. அவருக்கு அது லாபமான வியாபாரம்தான் என்று அவர் நினைத்திருக்கலாம். தியாகம் என்ற சொல்லை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன்.

அவரிடம் காசு ஒழுகாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. நம்பி வைத்திருந்த நிதி ஆலோசகரே மோசடி செய்து 2017ல் நான்கு வருடச் சிறைக்குப் போனார். டங்கன் தானே வழக்குப் போட்டு, நீதிமன்றத்தில் வந்து பேசினார்.

விடியல்

2013ஐ யாரும் தொடவில்லை, வேண்டுமென்றே தாண்டுகிறீர்களா?

புதன்கிழமை காலை ஆறரை மணி, சோனி சிக்ஸ். அலுவலகத்துக்கு வயிற்று வலி என்று சொல்லியாயிற்று. மயாமியில் ஆறாவது ஆட்டம், ஸ்பர்ஸ் 3-2 முன்னிலை. டங்கனுக்கு 37 வயது, முதல் பாதியிலேயே 25 புள்ளி. நான் தோசைக் கரண்டியோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன். 28 நொடி மிச்சம், ஐந்து புள்ளி முன்னிலை. கோப்பை கொடுப்பதற்காக ஆட்கள் மைதான ஓரத்தில் மஞ்சள் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முன்னிலை மூன்றாகக் குறைந்தது. எதிரணி மூன்று புள்ளி ஷாட்டுக்குத்தான் போகும் என்று, வேகமாக ஆள் மாற்றித் தடுப்பதற்காகப் பாபவிச் டங்கனை வெளியே எடுத்தார். மயாமியின் லெப்ரான் ஜேம்ஸின் ஷாட் தவறியது. அந்த ரீபவுண்டை எடுக்க வேண்டிய மனிதர் பெஞ்சில். கிறிஸ் பாஷ் எடுத்து மூலைக்குத் தள்ளினார், ரே ஆலன் பார்க்காமலே பின்னால் நடந்து கோட்டுக்கு வெளியே போய் நின்றிருந்தார். 5.2 நொடி. சமம். கூடுதல் நேரத்தில் 103-100 தோல்வி. என் தோசை கருகியது, நிஜமாகவே.

ஆனால் எனக்கு வலிப்பது அது இல்லை, ஏழாவது ஆட்டம். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், இரண்டு புள்ளி பின்தங்கல். டங்கனுக்குக் கூடைக்குப் பக்கத்தில் பந்து, தடுப்பது ஷேன் பாட்டியர், தன்னைவிட உயரம் குறைந்தவர். ஆயிரம் முறை போட்ட இடம். போட்டார், விழவில்லை. பந்து எழும்பி வந்ததைத் தட்டினார், அதுவும் விழவில்லை. திரும்பி ஓடிப்போய்த் தடுப்புக்குக் குனிந்தவர், இரண்டு கையாலும் தரையில் ஓங்கி அடித்தார். பதினாறு வருடமாக முகத்தில் ஒன்றும் காட்டாத மனிதர். நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன், லெப்ரான் அடுத்துப் போட்டதை மறுநாள்தான் பார்த்தேன்.

அடுத்த வருடம் அதே மயாமி. ஸ்பர்ஸ் 4-1. கடைசி ஆட்டம் 104-87, அதுவும் ஜூன் 15, பெஞ்சு அண்ணன் சொன்ன 2003 ஆட்டத்துக்குச் சரியாகப் பதினொரு வருடம் கழித்து.

குளத்துமீன்

ஓர் ஆள் ஏழாவது ஆட்டத்தில் அப்படித் தவறவிட்டால் ரசிகர்கள் திட்ட மாட்டார்களா? நம் ஊர் கிரிக்கெட்டாக இருந்தால் வீட்டில் கல் விழும்.

விடியல்

@குளத்துமீன் அன்று அவருக்கு 24 புள்ளி, 12 ரீபவுண்ட் தம்பி. யார் திட்டுவது. அவரே தன்னைத் திட்டிக்கொண்டது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

தேனீ

"முகத்தில் ஒன்றும் இல்லை" என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டம் தொடங்கும் முன் பந்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலையை அதன் மேல் சாய்த்து நிற்பாரே, அது என்ன? ஒவ்வொரு விசிலுக்கும் கண்ணை அகல விரித்து "நானா?" என்று பார்ப்பாரே? பாதி ரசிகர்களுக்கு எரிச்சலே அந்தப் பார்வைதான்.

2007 ஏப்ரலில் டல்லாஸில் நடந்ததைப் பாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார் என்பதற்காக நடுவர் ஜோயி கிராஃபோர்டு அவரை வெளியே அனுப்பினார். சிரித்ததற்கு! சண்டைக்கு வருகிறாயா என்று நடுவர் கேட்டதாக டங்கன் சொன்னார். என்பிஏ அந்த நடுவரை அந்த சீசன் முடியும் வரை நிறுத்திவைத்தது, டங்கனுக்கும் 25,000 டாலர் அபராதம். எதுவுமே இல்லாத முகத்துக்கா இத்தனை கலாட்டா?

அவர் மார்பில் மந்திரவாதி மெர்லினைப் பச்சை குத்தியிருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கத்தி சேர்க்கிற பழக்கம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைக் கதை விளையாட்டில் பைத்தியம். கல்லூரியில் உளவியல் படித்தபோது தன் பேராசிரியரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார், புத்தகத்தில் அச்சானது. தலைப்பில் இருக்கிற விஷயம், தற்பெருமை அடிப்பவர்களை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது. என்பிஏவுக்குள் நுழைவதற்கு அதைவிடப் பொருத்தமான முன்தயாரிப்பு உண்டா, சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் அவர் வெட்கப்படுகிற ஆள். அதற்கு நாம் 'போர்' என்று பெயர் வைத்தோம், பிறகு வேறு சிலர் 'ஞானி' என்று வைத்தார்கள். இரண்டும் அவருக்குப் பொருந்தவில்லை.

சிமென்ட்_தரை

2012ல் ஓர் ஆட்டத்துக்கு அவரை ஓய்வெடுக்க விட்டார் பாபவிச். ஆடாதவர்கள் பெயருக்கு எதிரே காரணம் எழுத வேண்டும், முழங்கால், கணுக்கால் என்று. டங்கனுக்கு எதிரே எழுதியது "வயசாயிடுச்சு". அதிகாரப்பூர்வத் தாளில்! இதை 'போர்' அணி என்று சொல்கிறவர்கள் சிரிப்பதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும்.

லேக்கர்ஸ்_வெறியன்

சரி, ஓய்வு பெற்ற விதத்தைப் பேசுவோம், அதில் எனக்கு ஒரு குறை உண்டு. 2016 ஏப்ரல் 13, எங்கள் கோபி பிரையன்டின் கடைசி ஆட்டம். 60 புள்ளி. ஊர் ஊராகப் போய் விடைபெற்று, கடைசி நாளில் அப்படி ஓர் ஆட்டம். நான் அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை. அதே வருடம் டங்கன் என்ன செய்தார்? மே 12ஆம் தேதி ஓக்லஹோமாவில் தோற்ற ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்தார், உள்ளே போனார். ஜூலை 11ஆம் தேதி அணியிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. முடிந்தது. செய்தியாளர் சந்திப்புக்குக்கூட அவர் வரவில்லை, மறுநாள் பாபவிச்தான் டங்கன் படம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பேசினார். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்ட ஒரு நாள் கொடுத்திருக்கலாம். அதையும் விட்டுக்கொடுத்தல் என்பீர்களா? நான் கஞ்சத்தனம் என்பேன்.

இரண்டு பேரும் கார்னெட்டும் ஒரே ஆண்டு, 2020 ஹால் ஆஃப் ஃபேமுக்கு (கூடைப்பந்து மேதைகளுக்கான பெருமை மண்டபம்) தேர்வானார்கள். விழா 2021 மே மாதம் நடந்தபோது கோபி உயிரோடு இல்லை. அந்த மேடையில் மூன்று பேரும் சேர்ந்து நின்றிருக்க வேண்டும். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு வரவில்லை.

பழைய_பெஞ்சு

@லேக்கர்ஸ்_வெறியன் கஞ்சத்தனம் என்பது நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன். 2016 டிசம்பரில் 21ஆம் எண் சட்டையை மேலே ஏற்றியபோது கைதட்டினார்கள், ஆனால் அது ஆட்டம் இல்லை, நீங்கள் சொல்வது புரிகிறது.

அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று கேட்பவர்களுக்கு: சான் அன்டோனியோவில் கார்களை மாற்றியமைக்கிற பட்டறை நடத்துகிறார். 2019-20ல் பாபவிச்சுக்கு உதவிப் பயிற்சியாளராக ஒரு வருடம் வந்தார். 2020 மார்ச்சில் பாபவிச் ஒரு நாள் வரவில்லை, ஷார்லட்டோடு ஆட்டம், டங்கன்தான் அன்று தலைமைப் பயிற்சியாளர். ஒரே ஒரு புள்ளியில், 104-103 ஜெயித்தார். அடுத்த சீசனில் அந்த வேலைக்கு வரவில்லை.

2017ல் வர்ஜின் தீவுகளை இர்மா, மரியா என்று அடுத்தடுத்து இரண்டு புயல் அடித்தது. இரண்டாவது செயின்ட் கிராயை மேய்ந்துவிட்டுப் போனது. டங்கன் தன் காசு இரண்டரை லட்சம் டாலரில் ஆரம்பித்து நிதி திரட்டினார், விமானத்தில் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு தானே போய் இறங்கினார். வரிசையில் நின்றவர்களுக்குத் தானே எடுத்துக் கொடுத்தார். ஹியூகோ அடித்தபோது பதின்மூன்று வயதுப் பையனாக வரிசையின் அந்தப் பக்கம் நின்ற ஊர்.

குளத்துமீன்

ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது?

விடியல்

2013 ஏழாவது ஆட்டம் தவிர எது வேண்டுமானாலும்.

பழைய_பெஞ்சு

@குளத்துமீன் 2003, ஆறாவது ஆட்டம். இன்று அக்கா மகனையும் பிடித்து உட்கார வைத்து அதைத்தான் போட்டேன். முதல் பாதியில் இரண்டு முறை கைப்பேசியை எடுத்தான். மூன்றாவது கால் பகுதியில் எடுக்கவில்லை. இப்போது ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பிளாக்குகளை எண்ணுகிறான். அவன் கணக்கில் ஒன்பது வருகிறது, எட்டுதான் பதிவில் இருக்கிறது என்று சொன்னேன், நம்பவில்லை. நிறுத்தி நிறுத்திப் பின்னால் ஓட்டுகிறான். அக்கா சாப்பிடக் கூப்பிட்டு அரை மணி நேரம் ஆகிறது.

லேக்கர்ஸ்_வெறியன்

சாப்பிட்டு முடித்ததும் 2004 ஐந்தாவது ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். கடைசி 0.4 நொடி மட்டும் போதும்.

தேனீ

அதை மட்டும் போட்டால் அவன் மறுபடி கைப்பேசியை எடுத்துவிடுவான், வேண்டாம்.